மூடிக்கும் ஒரு இனிஷியல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க இருமல் இன்னா சொல்லுது? ஆண்டர்சன்பேட்டையில மழை விட்டுச்சா?

இங்க புனேல, நான் புரோகிராம் எழுதுற பாத்திரக்கடை ஆப்புல போன வாரம் ஒரு கூத்து. கம்ப்யூட்டர்ல குக்கர், அதுக்கு அடியில அதோட மூடின்னு அடுக்கடுக்கா இருக்கு. செல்போன்லயோ எல்லாம் ஒரே வரிசை. கடைக்காரங்க அதுல வெறும் 'மூடி'ன்னு பாத்துட்டு, மிக்ஸி மூடி கேட்டவருக்குக் குக்கர் மூடியை அனுப்பிட்டாங்க! திட்டு எனக்குத்தான். அப்புறம் நம்ம இனிஷியல் மாதிரி ஒவ்வொரு மூடிக்கும் முன்னாடி அது எதோட மூடின்னு பேர் போட்டேன். சரியாப்போச்சு.

ஆபீஸ் பஸ் வந்துடுச்சு. அம்மாவை முறுக்கு அனுப்பச் சொல்லுங்க. போன தடவை பார்சல் மேல வெறும் 'தாரா'ன்னு எழுதிட்டீங்க, வேற தாரா தின்னுட்டா. இந்த ஹாஸ்டல்ல மூணு தாரா இருக்காங்கப்பா. தம்மபாலன் தாரா நான் ஒருத்திதான்.

உங்க
த. தாரா