மாதா முன்னால் மீன் கழுவக் கூடாதாம்

என் அருமை மதினி, எங்கே இருந்தாலும் நம் தெருப் பேச்சை ஒரு காதால் கேட்டுக்கொண்டே இருக்கிற பிலோமினா மதினிக்கு,

மற்றவர்கள் வந்து கோள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இன்று காலையில் உங்கள் நினைவு மேடையைக் கடப்பாரையால் உடைத்தேன். உங்கள் பேர் வெட்டிய கல்லும் அந்த மேடையில்தான் பதித்திருந்தது. வருகிற வாரம் உங்களுக்கு ஆண்டுப் பூசை. அதற்குள் இந்தப் பாவி கொழுந்தன் இப்படிச் செய்துவிட்டானே என்று தெருவே பேசுகிறது. பேசட்டும். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை, அது அடங்குவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

மேடைக்கு நடுவில் நிற்கிற உங்கள் பூவரச மரம் சாகக் கிடக்கிறது மதினி. வெயிலோ பூச்சியோ காரணம் இல்லை. நாங்கள்தான். உங்கள் மேல் வைத்த பாசத்தினால் அதைக் கொன்றுகொண்டிருந்தோம்.

உங்களுக்கு மூச்சு இழுப்பு வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் அப்போது தோணியை நடத்துகிற தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் பாய் விரித்தால் வாரக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கூட்டிப்போனது நான்தான். துறைமுகத்துக்குப் போகிற லாரி எல்லாம் நம் தெரு முனையைச் சுற்றித்தான் போகும். கரித்தூளும் உப்புத்தூளும் கந்தகத்தூளும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறத்தில் நம் வாசற்படியில் படியும். தூசி இல்லாத ஊராகப் பார்த்துக் கொஞ்ச காலம் போய் இருங்கள் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் வெளியே வந்து, மூச்சு வாங்க வாங்க என்னிடம் சொன்னீர்கள்:

“ஊரை மாத்தச் சொல்லுதாரு. நான் போயிட்டா, இங்கன கெடக்கவங்களுக்கு யாரு காத்து மாத்துவா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா வீட்டுக்குப் போய், கைப்பருமனில் ஒரு பூவரசங்கிளைப் போத்தை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தீர்கள். நட்ட அன்றைக்கு நான் சிரித்தேன். மனுசர் குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊர் இது. குழாயில் தண்ணீர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே குடங்கள் வரிசையில் நிற்கும். மரத்துக்கு எவன் ஊற்றுவான் என்று கேட்டேன். “நம்ம தெருவுல தண்ணி இல்லாத வீடு உண்டும், மீன் கழுவாத வீடு உண்டுமாலே?” என்று திருப்பிக் கேட்டீர்கள். அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாளே சட்டம் போட்டுவிட்டீர்கள். இனிமேல் யாரும் வீட்டுக்குள் மீன் அரியக் கூடாது. அரிவாள்மணை, சட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வர வேண்டும். செதிலும் குடலும் குழிக்குள், கழுவிய தண்ணீர் வேரில், அதன்மேல் ஒரு கை அடுப்புச் சாம்பல். ஈ மொய்க்காது, நாற்றமும் இருக்காது. சோப்புத் தண்ணீரோடு யாராவது வந்தால் தொலைந்தார்கள். எதிர் வீட்டு அமலோற்பவம் முதல் மாசம் முழுக்க உங்களோடு சண்டை போட்டாள். அதற்குப் பிறகு அவளே முதல் ஆளாக வந்து, நிழல் விழுகிற பக்கமாக இடம் பிடிக்க ஆரம்பித்தாள்.

பத்து வருஷத்தில் தெருவின் பாதியை அந்த மரம் மூடிவிட்டது. உங்கள் இழுப்பு முழுசாகப் போகவில்லைதான். ஆனால் மத்தியானத்தில் அதன் அடியில் பாய் போட்டுப் படுத்தால் உங்கள் மூச்சு நிதானமாக வரும், நான் பார்த்திருக்கிறேன். லாரித் தூசியெல்லாம் இலையில் தங்கிவிடும். மழைக்குப் பிறகு இலை கழுவிவிட்ட மாதிரி மினுங்கும். கடைக்கு ஓலைப்பெட்டி, மீனுக்குப் பூவரச இலை என்று நீங்கள் நடந்துகொண்டதைப் பார்த்து, நைலான் பை வாங்கிய வீடுகள்கூட அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டி மறைத்தன. அவ்வளவு பயம் உங்களிடம்.

நீங்கள் போனது இழுப்பினால்கூட இல்லை. மூன்றே நாள் காய்ச்சல். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார் மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாததால் அது வட்டியோடு ஏறி எல்லார் மேலும் விழுகிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் மரத்தடியில் கூடினோம். உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. நம் ஆட்களுக்கு நினைவு என்றால் சிமெண்ட்தானே? மரத்தைச் சுற்றி மேடை கட்டலாம், அதன்மேல் மாதா சுரூபம் வைக்கலாம், கீழே மதினி பேரைக் கல்லில் வெட்டிப் பதிக்கலாம் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அண்ணன் அழுதுகொண்டே தலையாட்டினார். ஆனால் சிமெண்ட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிற காலம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆமாம், சிமெண்ட் வாங்கித் தந்தவன் நான்தான். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் கிளார்க் என்கிற பெருமையில், எங்கள் வீட்டுச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று பொய் எழுதிக் கொடுத்து பர்மிட் வாங்கினேன். மேடை கட்டும்போது வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அடிமரம் வரைக்கும் இடைவெளி இல்லாமல் பூசச் சொன்னதும் நான்தான். அப்போதுதான் பார்க்க அழகாக இருக்குமாம். என் புத்தியை எதால் அடிப்பது?

மேடை மட்டும் என்றால்கூட ஓரத்தில் எங்காவது தண்ணீர் இறங்கியிருக்கும். மாதா வந்த பிறகு நடந்ததைக் கேளுங்கள். சுரூபம் வைத்து மந்திரித்த மறுநாள், யாரோ ஒருத்தி வழக்கம்போல சட்டியோடு வந்திருக்கிறாள். மாதா முன்னால் மீன் கழுவலாமா என்று அமலோற்பவம் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அன்றோடு முடிந்தது. ஒரே நாளில் அது புனித இடம் ஆகிவிட்டது. மெழுகுவர்த்தி வந்தது, பூமாலை வந்தது, சனிக்கிழமை செபமாலை வந்தது. மரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் வரவில்லை.

மீன் தண்ணீர் எல்லாம் இப்போது எங்கே போகிறது தெரியுமா? சாக்கடைக்கு. நாற்றம் தாங்க முடியாமல் வீடு வீடாக ஊதுவத்தி கொளுத்துகிறார்கள். கொசுவுக்குச் சுருள் வைக்கிறார்கள். சுருள் புகைக்கு இருமல் வந்து அதற்கு டானிக் குடிக்கிறார்கள். மருந்துக் கடையில் நம் தெரு ஆட்களைப் பார்க்காத நாளே இல்லை. இத்தனைக்கும் ஒரு சட்டித் தண்ணீரை இருபது எட்டு நடந்து ஊற்றினால் போதும் என்று காட்டிவிட்டுப் போனவரின் பேரைக் கல்லில் வெட்டி வைத்துக்கொண்டு!

கோடை பிறக்கும் முன்பே இலை மஞ்சளித்தது. நுனிக் கிளைகள் காய்ந்தன. நிழல் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. அப்போதாவது யாருக்காவது உறைக்க வேண்டாமா? உறைத்தது, ஆனால் எப்படி உறைத்தது தெரியுமா? உங்களைப் பிரிந்த துக்கம் தாங்காமல் மரம் வாடுகிறதாம். அமலோற்பவம் சொன்னாள், மணியடிக்கிற கோயில்பிள்ளை சொன்னார், வெளித்தெருவில் இருந்தெல்லாம் வந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். உதிர்ந்த இலையைப் பொறுக்கி வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டவர்கள்கூட உண்டு. எனக்கு ரத்தம் கொதித்தது. துக்கமாவது மண்ணாவது! தாகத்தில் சாகிற ஒன்றைச் சுற்றி நின்று, இதற்கு எவ்வளவு அன்பு பாருங்கள் என்று அழுதால் அதை என்னவென்று சொல்வது?

அதைவிட எனக்கு வலித்தது அண்ணன். தோணியை விட்டு இறங்கி வீட்டோடு இருக்கிறவர், நாள் முழுக்க அந்த மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். இலை விழ விழ, உங்களுக்குத் துணையாக இன்னொரு ஜீவன் அழுகிறது என்று அவருக்கு ஓர் ஆறுதல். நீங்கள் இருந்தபோது அந்த மரத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர் அவர் ஊற்றியதில்லை. இதை நான் சொல்லியே தீருவேன், நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

போன வாரம் அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன், சிமெண்டை உடைத்தால்தான் மரம் பிழைக்கும் என்று. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“அவ பேரை ஒடைக்கச் சொல்லுதியாலே?” என்றார்.

அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. சாப்பிட வரச் சொல்லி என் வீட்டிலிருந்து ஆள் போனாலும் வரவில்லை. ஆறு நாள் பொறுத்தேன். இன்று காலையில் மரத்தில் பச்சை இலை எத்தனை இருக்கிறது என்று நின்று எண்ணிப் பார்த்தேன். எண்ணுகிற அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. நேரே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தேன்.

முதலில் மாதாவைத் தூக்கினேன். அமலோற்பவம் ஓடிவந்து வழிமறித்தாள். இந்தப் பாவம் உங்கள் தலைமுறைக்கும் விடாது என்றாள். சுரூபத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுக் கேட்டேன்: “ஏளா, மாதா மகன் கூடத் திரிஞ்சவங்க எல்லாம் மீன் பிடிக்கவங்கதானே? அந்த வாடை அவளுக்குப் புதுசா?”

அவள் சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

எனக்குக் கடப்பாரை பிடித்துப் பழக்கம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். நாலு போடு போடுவதற்குள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் ஒரு பாளம் பெயர்ந்து அடிமண் தெரிந்தது. அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்தார். மண்ணுக்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போனது, ஈரமே இல்லை. கையை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தார். வெறும் புழுதி.

“தண்ணி இல்லாமலா கெடந்திருக்கு,” என்றார். “நான் அவளை நெனச்சு வாடுதுன்னுல்லா இருந்தேன்.”

அவ்வளவுதான். என் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டார். தோணியில் நங்கூரம் இழுத்த கை அல்லவா? வேரில் ஒரு கீறல் விழாமல், அரை மணி நேரத்தில் மேடை முழுவதையும் பெயர்த்துப் போட்டுவிட்டார். உங்கள் பேர் வெட்டிய கல்லை மட்டும் உடைக்கவில்லை. ஓரமாக நெம்பி எடுத்து, தோள் துண்டால் துடைத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் படத்துக்குக் கீழே வைப்பார் என்று நினைத்தோம்.

அவர் அதை மரத்தடியில் பேர் மேலே தெரிகிற மாதிரி படுக்கப் போட்டார். ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் மண்ணை அணைத்தார். பிறகு அமலோற்பவத்தைப் பார்த்து, “மீன் வாங்கிட்டியாம்மா? இதுல வச்சி அரி,” என்றார்.

“பேரு மேலயா அண்ணாச்சி?”

“அவ ஒக்காருத எடந்தானே அது.”

அமலோற்பவம் மாதாவை அங்கேயே வேருக்குப் பக்கத்தில் இரண்டு செங்கல் மேல் இறக்கி வைத்தாள். வீட்டுக்குள் போய் அரிவாள்மணையும் ஒரு சட்டிச் சாளை மீனுமாக வந்தாள். உங்கள் பேர் மேல் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே அரிந்தாள். கழுவிய தண்ணீரை ஊற்றியபோது எழுத்துக்குள் எல்லாம் செதில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கல்லில் வழிந்து மண்ணில் இறங்குகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஒரு வருஷமாக அந்தச் சத்தம் கேட்காமல் எப்படித்தான் இருந்தோம், மதினி?

மரம் பிழைக்குமா என்று தெரியவில்லை. அடிமரத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருக்கிறது. பிழைக்காமல் போனால் அந்தப் பழியில் பாதி என் தலையில்தான். மீதிப் பாதியைத் தெரு பங்கு போட்டுக்கொள்ளட்டும். பக்கத்துத் தெருக்காரர்கள் நேற்றுத்தான் என்னிடம் வந்தார்கள், தங்கள் வேப்பமரத்துக்கும் இதே மாதிரி ஒரு மேடை வேண்டுமாம், பர்மிட் வாங்கித் தரச் சொல்லி. இன்று சாயங்காலம் அவர்களை நம் மரத்தடிக்குக் கூட்டிவந்து அந்தப் புழுதியை அள்ளிக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

இனிமேல் சிமெண்டுக்காக ஒரு மனுவில்கூடக் கையெழுத்துப் போட மாட்டேன். என் வீட்டு மீன் தண்ணீரை ஆபீசுக்குப் போகும் முன்னால் நானே, வெள்ளைச் சட்டையோடே, தூக்கி வந்து ஊற்றுவேன். இரண்டாவது நடை அண்ணனுடையது. இன்றைக்கே ஊற்றிவிட்டார், கொஞ்சம் கீழேயும் சிந்தினார், பழகிவிடுவார். ஆண்டுப் பூசைக்கு உங்களுக்குப் பூமாலை கிடையாது. பூசை முடிந்து வீட்டுக்கு ஒரு சட்டி மீன் தண்ணீர் மரத்தடிக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வராத வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மீன்வாடை போகாத, கொப்புளம் வைத்த கையோடு,
உங்கள் கொழுந்தன்,
சூசை