நானே கழற்றிய வாசல் விளக்கு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாளா? நான் சௌக்கியம்.

மாநில அரசு வரியைக் குறைத்த செய்தி வந்ததும் நகராட்சி மின்பிரிவில் முதலில் கைதட்டியவன் நான்தான். அந்த வரியில் வரும் பங்கில்தான் எங்கள் தெருவிளக்குகள் எரிகின்றன என்பது உறைக்கவே இல்லை. நேற்று சூப்பர்வைசர், "இனிமே நமக்குப் பங்கு பாதிதானாம். ஒண்ணு விட்டு ஒண்ணு பல்பைக் கழட்டிடுப்பா" என்றதும் தூக்கிவாரிப்போட்டது. என் அறை வாசலில் எரிந்ததையும் நானே ஏறிக் கழற்றினேன்.

"பாதி விளக்குக்குப் பாதி ஆளு போதுமாண்ணே?" என்று மேலிருந்தபடி விளையாட்டாகக் கேட்டேன். ஏணியைப் பிடித்திருந்த அவர் சிரிக்கவில்லை.

இருட்டில் பூட்டுத் துவாரம் தெரியவில்லை. உங்கள் பழைய டார்ச்சை அனுப்புங்கள். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்ளும்படி ஆகலாம்.

மிச்ச பல்புகளைக் கழற்றப் போக ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்