தோளுக்குப் பொருந்தும் துப்பாக்கி

பிப்ரவரி 3, திங்கள்

விடுப்பில் இருபத்தைந்தாவது நாள். காபி போட்டேன். குடித்தேனா என்று நினைவில்லை. கோப்பை காலியாக இருந்தது. அப்படியென்றால் குடித்திருக்கிறேன்.

மதியம் அக்கா லொரெய்ன் வந்தாள். காலணியில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டாமல் நேரே சமையலறைக்குள் வந்து நின்றாள். அவளுடைய துப்பாக்கிக் கிளப்பில் பெண்கள் அணிக்கு நாலு பேர் வேண்டுமாம். அணியில் இருந்த பெட்டி என்கிற பெண்ணுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. ஓர் ஆள் குறைகிறது.

"நீதான் நாலாவது. மார்ச் இருபதாம் தேதி போட்டி ஆரம்பம்."

"எனக்குச் சுடவே தெரியாது."

"பெட்டிக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்? ஆறு வருஷமா பக்கத்து ஆளோட குறி அட்டையிலதான் ஓட்டை போட்டுக்கிட்டிருந்தா."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. முகம் அசையவில்லை. அவள் அதைப் பார்த்தாள்; பார்க்காத மாதிரி ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"உனக்குன்னு ஒரு பாயின்ட் டூ டூ துப்பாக்கி வாங்கணும். என்னோடது உனக்கு ஒத்து வராது. நான் பீப்பா, நீ குச்சி."

சரி என்றேன். மாட்டேன் என்றால் இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

மழையும் பனியும் கலந்து. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 8, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஹார்டுவேர் கடைக்குப் போனோம். பின்பக்கம், பெயின்ட் டப்பாக்களைத் தாண்டி, துப்பாக்கிகளுக்கு ஒரு கண்ணாடி மேஜை. அங்கே நின்ற மனிதருக்கு எழுபது வயதிருக்கும். உயரம், லேசான கூன். இதற்கு முன் பார்த்ததில்லை.

"என்ன பாக்குறீங்கம்மா?" என்று கேட்டார்.

அந்தக் குரல்.

பத்தொன்பது வருடமாக மாவட்டத்தின் அவசர அழைப்புகளை எடுக்கிறேன். யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். அதை நான் மறப்பதில்லை. ஜனவரி 9, காலை பதினொன்று பத்து. "என் பொண்டாட்டி மூச்சு விடல." சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தேன்: எல்டன். அன்றைக்குச் சொன்ன பெயர் அதுதான். எல்டன் ப்ரூபேக்கர். மனைவி பெயர் நேடின்.

என் குரல் அவருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. லொரெய்ன் பேசினாள், வழக்கம்போல.

அவர் மூன்றை எடுத்து மேஜையில் வைத்தார். முதலாவது, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது. "பொழுதுபோக்குக்கு இது ஜாலி. அழுத்த அழுத்தச் சுடும். ஆனா ஒரு டப்பா பத்து நிமிஷத்துல காலி. குறி பாக்கவும் கத்துக்க மாட்டீங்க." இரண்டாவது, அடியில் உள்ள வளையத்தைக் கீழே தள்ளி இழுப்பது. மாடு மேய்க்கிறவர்கள் வைத்திருப்பது மாதிரி. மூன்றாவது, கதவுத் தாழ்ப்பாள் போல ஒவ்வொரு முறையும் கையால் திறந்து மூடுவது.

"போட்டிக்குன்னா தாழ்ப்பாள்தான். அது நிதானமா இருக்கச் சொல்லும். கண்ணை மூடிக்கிட்டுத் தோள்ல வைங்க. கன்னம் கட்டையில படட்டும். இப்பத் தெறங்க. குறி நேரா கண்ணுல வந்து நிக்குதா? இல்ல, கழுத்தை நீட்டித் தேடுறீங்களா? தேடுனா அது உங்க துப்பாக்கி இல்ல."

தேடினேன். தலையை ஆட்டினேன்.

"தங்கச்சிக்குப் பேச்சே வராதா?"

"எங்க வீட்டுல இருந்த பேச்சையெல்லாம் நானே எடுத்துக்கிட்டேன்" என்றாள் லொரெய்ன்.

அவர் சிரித்தார். ஒரு மாதம்தானே ஆகிறது. சிரிக்கிறார். எப்படி என்று யோசித்தேன். பொறாமையா? அதுகூட இல்லை. வெறும் கேள்வி.

பிப்ரவரி 9, ஞாயிறு

அன்று அந்த அம்மாவின் மார்பை அவர் அழுத்த அழுத்த நான் சொன்னது: "வண்டி அஞ்சு நிமிஷத்துல வந்துடும் சார். நிறுத்தாதீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

என் முன்னால் திரையில் இருந்தது: இருபத்தொரு நிமிடம். மலைப்பாதை முழுக்கப் பனிக்கட்டி. ஆம்புலன்ஸ் ஊருக்கு அந்தப் பக்கம் நின்றது.

நாலு முறை சொன்னேன், அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம் என்று. பத்தொன்பதாவது நிமிடம் வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மா அதற்கு வெகு நேரம் முன்பே போய்விட்டிருந்தார்.

விசாரணையில் எல்லாம் முறைப்படி என்று எழுதிவிட்டார்கள். அந்த அஞ்சு நிமிஷத்தைப் பத்தி யாரும் கேக்கல. ஏன் கேக்கல? பதிவு இருக்கே. போட்டுக் கேட்டாங்களே. என் மேலதிகாரி தோளைத் தட்டி, "நல்லாப் பண்ணுன மார்னி"ன்னா. அன்னைக்கு சாயங்காலத்துலேர்ந்து எனக்கு எதுவும் ருசிக்கல.

பிப்ரவரி 13, வியாழன்

கிளப்பில் லொரெய்னின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். பின்கட்டை நீளம். விசைக்கு எட்டும்போது என் கை முழுசாக நீண்டுவிடுகிறது. விசையும் கனம், இழுக்கும்போதே குழல் வலப்பக்கம் சாய்கிறது. லேசான துப்பாக்கி நல்லது என்று நினைத்திருந்தேன். அது தப்பு. எடை குறைந்தால் மூச்சுக்கெல்லாம் ஆடும்.

காதுக்கு மூடி போட்டதும் யாருடைய குரலும் இல்லை. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 15, சனி

தனியாகக் கடைக்குப் போனேன். எதற்கு? வேறு ஊரில் கடை இல்லையா?

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன்: கட்டை குட்டையாக, விசை லேசாக, கொஞ்சம் எடையாக. தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். வலியென்று அர்த்தம். இன்னொரு பொய்.

"அடடா" என்றவர் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். "தொண்டைக்கு நல்லது. வீட்ல டப்பா டப்பாவா கெடக்கு. என் வீட்டுக்காரி வாங்கி வெச்சது. யாரு திங்கிறது?"

அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் வாயில் போட்டுக்கொண்டேன். செர்ரி என்று உறையில் போட்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கரையும் வரை நின்றேன்.

"அடுத்த சனிக்கிழமை கிளப்புக்கு மூணு துப்பாக்கி கொண்டாறேன். சுட்டுப் பாக்காம வாங்கக் கூடாது" என்றார்.

பிப்ரவரி 22, சனி

தெரிந்துவிட்டது அவருக்கு.

முதல் துப்பாக்கியில் விசை சொரசொரப்பு. இரண்டாவது, தாழ்ப்பாளைத் திறந்தால் காலித் தோட்டா வெளியே விழாமல் சிக்கியது. மூன்றாவது பழையது, ஒருவர் வைத்திருந்து விற்றது. கட்டையில் ஒரு நீளக் கீறல். கண்ணை மூடித் தோளில் வைத்துத் திறந்தேன். குறி அங்கேயே நின்றது. தேடவில்லை.

அந்த நிம்மதியில்தான் அசந்துவிட்டேன். ஐந்து தோட்டாக்களைத் துப்பாக்கியின் மேகசின் கூட்டில் ஏற்றிக்கொண்டே வாய்விட்டு எண்ணியிருக்கிறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஐந்தாவதுக்கு மறுபடி 'ஒண்ணு'. என் வேலையில் நாலுக்கு மேல் எண்ணுவதில்லை. மார்பை அழுத்தச் சொல்லும்போது நாலு, திரும்ப ஒண்ணு.

பக்கத்தில் அவர் கை அப்படியே நின்றது.

"நீங்களா?"

கையிலிருந்த தோட்டாவை டப்பாவில் திரும்பப் போட்டேன்.

"நிறுத்தாதீங்க சார்னு சொன்னீங்களே. நீங்கதானே அது?"

துப்பாக்கியைத் தாழ்ப்பாள் திறந்தபடி மேஜையில் வைத்தேன். அதை மட்டும் சரியாகச் செய்தேன். பிறகு காருக்கு நடந்தேன். கழற்றி வைத்திருந்த என் கோட்டை அங்கேயே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தூங்கினேன்.

பிப்ரவரி 26, புதன்

லொரெய்ன் கோட்டைக் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அஞ்சு நிமிஷம் உட்பட. அவளிடம்கூட இதுவரை சொல்லவில்லை.

அவள் வெகு நேரம் பேசவில்லை. என் அக்கா. பேசவில்லை!

பிறகு, "அந்த ஆளு உன்னைத் தேடி என் வீட்டுக்கே வந்தாருடி" என்றாள். "சண்டைக்கு வந்த மாதிரி இல்ல. ஆனா நல்ல வார்த்தை சொல்ல வந்த மாதிரியும் இல்ல. நீ போய்ப் பாரு. நான் வேணா கார்ல உக்காந்திருக்கேன்."

மார்ச் 1, சனி

கடையில் வேறு யாரும் இல்லை. அவர் மேஜைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நிற்கச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எவ்ளோ நேரமாகும்னு உங்களுக்குத் தெரியுமா அப்ப?"

"தெரியும். இருபத்தொரு நிமிஷம்னு திரையில இருந்துச்சு."

"அப்புறம் ஏன் அஞ்சுன்னீங்க?"

"நிஜத்தைச் சொன்னா நீங்க நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன்."

அவர் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரம் இது வீங்கிக் கெடந்துச்சு. ரெண்டாவது தடவை அஞ்சுன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு, இந்தப் பொம்பளை பொய் சொல்றான்னு. ஜன்னல் பக்கம் பாக்குறதையே விட்டுட்டேன். அழுத்திக்கிட்டே இருந்தேன். என்னைத் தவிர வீட்ல இருந்த ஒரே குரல் அதுதான். அதை விட்டுட்டா நான் மட்டும் அவகூட..."

பெயின்ட் கலக்கும் இயந்திரம் முன்பக்கம் எங்கோ ஓடி நின்றது.

"கோவம் இருக்கு" என்றார். "உங்க மேலயான்னு தெரியல. மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா அதுவும் பொய்யாப் போயிடும்."

"சொல்ல வேணாம்" என்றேன். "நான் அதுக்காக வரல."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

தெரியவில்லை என்றேன். அவரும் தலையை ஆட்டினார், அது போதுமான பதில் என்பது மாதிரி. பிறகு எழுந்துபோய் அந்தக் கீறல் விழுந்த துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது நேடினோடது இல்ல. அப்படி எதுவும் நெனச்சுக்காதீங்க. அவளோடதை யாருக்கும் குடுக்க மாட்டேன். இது உங்களுக்குப் பொருந்துது, அவ்ளோதான்."

படிவத்தை நிரப்பினேன். எனக்குத் துப்பாக்கி விற்கலாமா என்று அவர் ஃபோனில் சரிபார்த்தார். ஒப்புதல் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

காரில் லொரெய்ன் என் முகத்தைப் பார்த்தாள். வண்டியை எடுத்தாள்.

மார்ச் 8, சனி

தோட்டாவிலும் துப்பாக்கிக்குப் பிடித்தது, பிடிக்காதது உண்டாம். நாலு வகை வாங்கி ஐம்பது கஜத்தில் ஐந்தைந்தாகச் சுட்டேன். வேகமானது அட்டையில் சிதறிவிட்டது. விலை கூடியது பரவாயில்லை. ஒலியைவிட மெதுவாகப் போகும் சாதாரண ரகம் ஒன்றில் ஐந்து ஓட்டையும் ஒரு நாணய அகலத்துக்குள் விழுந்தன. சத்தமும் கம்மி.

எல்டன் இரண்டு மேஜை தள்ளி, யாருடைய துப்பாக்கிக்கோ ஸ்கோப் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார். என் அட்டையைப் பார்த்தார். "அதையே வெச்சுக்கங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 14, வெள்ளி

மேலதிகாரிக்கு ஃபோன் செய்து அந்த அஞ்சு நிமிஷத்தைச் சொன்னேன். "அது எனக்குத் தெரியும் மார்னி, எல்லாரும் பண்றதுதானே" என்றாள். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எதற்கு என்றாள். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டாள்.

மார்ச் 20, வியாழன்

நூற்றுக்கு அறுபத்து மூன்று. கடைசி இடம். இரண்டு தோட்டா பக்கத்து ஆள் அட்டையில்.

"பெட்டியே எழுந்து வந்துட்டாளோன்னு பாத்தேன்" என்றாள் லொரெய்ன், கூடம் முழுக்கக் கேட்கும்படி. மற்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். எல்டன் வாசலருகே காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் துப்பாக்கியோடு வருவதைப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வியாழன் வருவீங்களா?"

"வரேன்."

வெளியே இன்னும் வெளிச்சமிருந்தது. லொரெய்ன் ஓட்டினாள். பெட்ரோல் பங்க் பக்கத்துச் சிக்னலில் நின்றோம். பெட்டியின் இடுப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எதையும் நினைக்கவில்லை, நிஜமாகவே எதையும் இல்லை. திடீரென்று என் கன்னமும் மடியும் நனைந்திருந்தன. மூச்சு வாங்கியது. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பத்தொன்பது வருடத்தில் மற்றவர்களிடம் எத்தனையோ முறை கேட்ட சத்தம்.

பச்சை விழுந்தது. லொரெய்ன் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், அவனுக்குப் பின்னால் இன்னொருவன்.

"அடிச்சுட்டுப் போறான்" என்றாள். "நீ அழுடி."