ஒரே டிஸ்கில் அடங்கிய கல்யாணம்

நேற்று அக்கா மகள் தன் வளைகாப்பு வீடியோவைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தாள். முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது. பின்னால் சீரியல் லைட் விட்டுவிட்டு எரிவதைப் பார்த்ததும் உன் குரல்தான் கேட்டது: "லைட்டுதான் நைனா எடத்தையெல்லாம் துன்னுட்டுது." போன ஆடியில் நெஞ்சுவலி வந்து நீ போனதிலிருந்து, இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க எனக்கு ஆளில்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் நாம் கூட்டாக வீடியோ கடை வைத்திருந்தோமே, அந்தக் காலம். நீ கேமரா, நான் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டும் மிக்ஸிங். தாலி கட்டும்போது திரையில் ரோஜா இதழ் கொட்டாவிட்டால் நம்மிடம் கல்யாண வீடியோ எடுக்கும் இரும்புக் கம்பெனி ஆட்கள் முறைப்பார்கள். நானோ பந்தியில் சோறு பரிமாறும்போதும் பூ கொட்ட வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது.

அப்படி எடுத்த ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்கு அப்பா இல்லை. அண்ணன் துபாயில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. மறுநாள் மாலை அங்கே கிளம்பும் அவன் நண்பனிடம் டிவிடி கொடுத்தனுப்ப வேண்டும். "எம்புள்ள பாக்கணும்பா, அவ்ளோதான்" என்று பெண்ணின் அம்மாவே கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். நம்மிடம் இருந்தது ஒரே ஒரு காலி டிஸ்க். பட்டணம் போய் வாங்கிவர நேரமில்லை. மூன்று மணி நேரப் படம் அதில் அடங்க மறுத்தது. அடங்கும்படி அமுக்கினால் மணப்பெண்ணுக்கு மூக்கு எது, மூக்குத்தி எது என்றே தெரியவில்லை.

"தூணாண்ட அந்தம்மா ஒக்காந்துகினு கீற சீன தூக்கிடலாம்டா. ஆடல, அசையல, சும்மா நீளமா ஓடுது" என்றேன். புருஷன் இல்லாதவர் என்பதால் அவர் மேடைக்கு வரவே இல்லை. சித்தப்பாவும் சித்தியும்தான் தாரை வார்த்தார்கள். நீ தூரத்திலிருந்து அவரை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாய்.

நீ கேமராவை எடுத்து நம் கடைச் சுவரைப் படம் பிடித்தாய். பிறகு ஓடும் மின்விசிறியையும் அதே அளவு நேரத்துக்கு.

"இன்னாடா பண்ணினுகீற?"

"இரு நைனா. எது எவ்ளோ எடம் புடிக்குதுன்னு பாத்துடலாம்."

இரண்டையும் ஒரே தரத்தில் ரெண்டர் போட்டு ஃபைலாக மாற்றினோம். சுவரின் ஃபைல் துக்கடாவாக வந்தது. மின்விசிறி அதைப்போலப் பல மடங்கு! நாம் இருவரும் வாயைப் பிளந்தோம். அதோடு விட்டாயா? குழாயில் கொட்டும் தண்ணீர், கொடியில் ஆடும் லுங்கி, தூங்கும் நாய் என்று ஒவ்வொன்றாக எடுத்துவந்து அளந்து பார்த்தாய். வேலை கிடக்கிறது என்று நான் கத்த வேண்டியிருந்தது.

"அசையறதுதான் நைனா எடம் கேக்குது. அந்தம்மா சும்மா ஒக்காந்துகீறாங்க, அவங்களால இன்னா கொறஞ்சிடப்போவுது? உன் பூவ நிறுத்து மொதல்ல."

எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் இதழ்களையும் பறக்கும் இதயங்களையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். இந்தமுறை படம் முழுவதும் டிஸ்கில் அடங்கியது. பெண்ணின் முகம் பளிச்சென்று இருந்தது. தூணோரம் அந்த அம்மாவின் கண்கள்கூடத் தெரிந்தன.

சில நாள் கழித்து அண்ணன்காரன் துபாயிலிருந்து கடைக்குப் போன் செய்தான். நன்றி சொல்வான் என்று நினைத்தோம். "எங்கம்மா ஏன் தூணாண்ட கீறாங்க? யாரு அங்க ஒக்கார வெச்சது?" என்று கேட்டான்.

அவன் கல்யாணத்துக்கும் நம்மைத்தான் கூப்பிட்டான். அம்மாவை மேடையேற்றி, அவர் கையால் தாலியை வாங்கிக் கட்டினான். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நீ அழுதுகொண்டே எடுத்தாய். கேமரா மட்டும் ஆடவில்லை.

இன்றும் ரெண்டர் போடுவதற்கு முன் படத்தை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்க்கிறேன். மேடைக்கு வராமல் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடுகிறேன். கண்டுபிடித்துவிட்டால், அந்த இடத்தில் நான் கைவைப்பதில்லை.