பெயர் கூப்பிடாத இடைவெளி

என்னங்க, என் பிரியமானவரே,

முதலில் ஒரு திருத்தம். உங்கள் நினைவு இசை மாலையை நான் பெருமையினால் நிறுத்திவிட்டேன் என்று கண்டியில் பேசிக்கொள்கிறார்கள். கான்வென்ட்டில் பியானோ படித்தவளுக்கு ஜாஸ் பிடிக்காதாம். நான் எதையும் நிறுத்தவில்லை. நீங்கள் அமைத்த அந்த ஒரு மெட்டுக்கு மட்டும் அனுமதி தரவில்லை. பெருமை எனக்கு உண்டு; அது வேறு விஷயம்.

நடந்தது இதுதான். இசை மன்றத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை, ட்ரம்ஸ் வாசிப்பவர். ஒத்திகையை ஃபோனில் போட்டுக் காட்டினார். தப்பு மேளத்தின் அடி வேகமெடுத்து, சட்டென்று ஓய வேண்டிய இடத்தில் ஓயவில்லை. அங்கே கல்யாண வீட்டு ஆட்டத்துக்குப் போடும் பைலா ஓடியது.

"நடுவுல என்ன செஞ்சிருக்கீங்க, தம்பி?"

"நோட்ஸ்ல கொஞ்ச இடம் வெறுமையா கெடந்துச்சு, ஆன்ட்டி. பிரதி எடுக்கிறப்ப விட்டுப்போச்சுன்னு நெனச்சு நாங்களே நெரப்பிட்டோம்."

பிரதி எடுத்தது நான். நான் எடுத்ததில் விட்டுப்போனதாம்! உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு வரவில்லை.

அவருக்கு விளக்கினேன். கலஹா தேயிலைத் தோட்டத்தில் விடியலில் உங்கள் அப்பா தப்படித்து ஆட்களைப் பிரட்டுக்கு, அந்தக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கூட்டுவார். தப்பு ஓய்ந்ததும் எல்லாரும் வாய் திறக்காமல் நிற்பார்கள். பெயர் கூப்பிடப்பட்டவருக்குத்தான் அன்று வேலை.

சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்தார்களே, பல வருடம் கழித்து அதைக் கேட்டு விண்ணப்பித்துவிட்டு நீங்களும் அரசாங்கக் கந்தோர் வாசலில் அப்படித்தான் நின்றீர்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். உங்கள் பெயர் வரவில்லை. கதவைச் சாத்தும்போது பியோன் "கள்ளத்தோணி" என்றான்; இங்கேயே பிறந்த உங்களை, கடல் தாண்டித் திருட்டுத்தனமாக வந்தவர் என்று. வீட்டுக்கு வந்து, நனைந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சாக்ஸபோனை எடுத்தீர்கள். அந்த மெட்டு பிறந்தது அப்போதுதான், நடுவே பெயர் கூப்பிடாத அந்த இடைவெளியோடு.

"சுரமெல்லாம் வழுக்குது. எங்க கான்வென்ட் மதர் கேட்டா வெரல்லயே அடிப்பாங்க" என்றேன்.

"ஒங்க மதருக்குப் பாஸ்போர்ட் இருக்கு. அவங்க நேரா வாசிக்கலாம்."

பிறகு அமெரிக்கக் கறுப்பர்களின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டீர்கள். "கேளு ரீட்டா, இவங்களும் தோட்டத்து ஆளுங்கதான். அங்க பருத்தி, இங்க கொழுந்து. அழுறாங்கன்னு நெனைக்காத. வாதாடுறாங்க." அன்றைக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் உங்கள் மெட்டில் தப்பு ஓய்ந்து, யாரும் வாசிக்காத அந்த இடம் வந்து, அதன்பின் சாக்ஸபோன் மட்டும் தனியாக எழுந்தபோது என் கை தாளம் போடுவதை விட்டுவிட்டது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செயலாளர் சொன்னார்: "இப்ப நாம எல்லாரும் பிரஜைதானே, ஆன்ட்டி. நெனைவு நாள்ல அரசியல் எதுக்கு?"

பிரஜைதான். நீங்கள் பிறந்த லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்குக் கடிதம் இன்றும் தோட்டத்துக் கந்தோர் வழியாகத்தான் போகிறது. சொந்த வாசலுக்கு விலாசம் இல்லாத பிரஜையை என்னவென்று அழைப்பது? அதை அந்தப் பிள்ளையிடம் கேட்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் உட்கார்ந்தால் எழும்பச் சொல்கிறது. எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. ஒருவேளை, யாரும் கேட்காமல் மறைவதைவிடப் பைலாவாகவாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்களா? அந்த இடம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதானே. நானும் போனபிறகு?

அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இனி படிப்பவர் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். உங்கள் மெட்டை அரைகுறையாக வாசிக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இசை மன்றத்தாருக்கு ஒரு வார்த்தை. அந்த இடத்தை அமைதியாகவே விட்டு வாசிப்பீர்களா? அது எந்த வாசலில் பிறந்தது என்று மேடையில் சொல்வீர்களா? ஃபோனில் வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

என்றும் உங்கள் மனைவி,
ரீட்டா