சாயந்திரம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்தே மூட்டம். தூறலுக்கு முன் மணல் தொட்டியை மூட வேண்டும்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று: அடுத்த மாதம் முதல் மழலைப் பள்ளிக் கட்டணம் ஐந்நூறு கூடும். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் இரண்டே வரி. கட்டட ஓனர் வாடகையை ஏற்றியதைச் சொல்லவில்லை. சொன்னால் புலம்பல் மாதிரி இருக்கும்.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால்கூட ஊரே பேசுகிற குழு. தனியாக வேறு குழு ஆரம்பித்திருப்பார்களோ, நான் இல்லாமல்?

ஜூன் 17, செவ்வாய்

வெயில். வாங்க: பினாயில், கிரேயான், கைதுடைக்கத் துண்டு.

காலையில் கேட்டருகே நாகவேணியும் தர்ஷனின் அம்மா மஞ்சுளாவும். நாகவேணி என் ஒரே டீச்சர், பள்ளி தொடங்கியதிலிருந்து இருப்பவள். நான் பக்கத்தில் போனதும் பேச்சு தெலுங்குக்கு மாறியது. நான் தஞ்சாவூர்க்காரி. குருபரப்பள்ளிக்கு வந்து இத்தனை வருடமாகியும் தெலுங்கு பாதிதான் புரியும். ஆனால் “மேடம்கி செப்பொத்து” புரிந்தது. மேடத்திடம் சொல்லாதே.

“என்ன மஞ்சுளா, ஃபீஸ் விஷயமா?”

“அய்யோ, அதெல்லாம் இல்லீங்க மேடம். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி, வரேங்க.”

ஓடிவிட்டாள். எதைச் சொல்லக் கூடாது?

ஜூன் 18, புதன்

அம்மாக்கள் கம்பெனிக்குப் போகும் பிள்ளைகளை, மூன்றரைக்குப் பள்ளி விட்டதும், நாகவேணிதான் போகிற வழியில் அவரவர் வீட்டில் பாட்டி தாத்தாவிடம் விடுகிறாள். அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்று பால் வாங்குகிற சாக்கில் பின்னாலேயே போனேன். ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாம் நேராக அவள் வீட்டுக்குள். வாசலில் குட்டிக் குட்டிச் செருப்பு. உள்ளே கைதட்டல் பாட்டு. நான் கட்டிய பாட்டு!

தனியாக ஆரம்பித்துவிட்டாள். நான் கட்டணம் ஏற்றியது அவளுக்கு நல்ல வசதி.

பால் வாங்காமலே திரும்பினேன். கேட்கவும் இல்லை. கேட்டால் நாளைக்கே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். டீச்சர் வேலை தேடும் ஒரு பெண்ணின் எண் இருந்தது, சூளகிரிக்காரி. பேசினேன். திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன். நாகவேணிக்குத் தெரியாது.

ஜூன் 20, வெள்ளி

மழை. மின்சாரம் போய்ப் போய் வந்தது.

ஓரத்தில் போட்டிருந்த பழைய பிளாஸ்டிக் கட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று நாகவேணி கேட்டாள். கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை. தெரியுமே. சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். எப்படித்தான் சிரிக்க முடிகிறதோ.

ஜூன் 21, சனி

மஞ்சுளாவும் இன்னும் இரண்டு அம்மாக்களும் வந்தார்கள். பின்னால் நாகவேணி, துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு. போச்சு, டி.சி. கேட்கத்தான் என்று உட்கார்ந்திருந்தேன்.

மஞ்சுளாதான் பேசினாள். “ஃபீஸ் ஏத்துனது கஷ்டந்தாங்க மேடம். ஆனா நீங்க மூணரைக்கே மூடிட்டா நாங்க இன்னா பண்றது? எங்க பஸ்ஸு வர ஆறரை ஆயிடுது. நாகவேணி அக்காதான் இத்தினி நாளா அவங்க வூட்ல வெச்சி பாத்துக்கினாங்க. காசு குடுத்தாலும் வாங்கறதில்ல. இங்கயே ஆறரை வரைக்கும் வெச்சிக்குங்க. நீங்க கேட்டதுக்கு மேலயே தரோம். அக்காவுக்கும் சேத்துக் குடுங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லல?” நாகவேணியைத்தான் கேட்டேன்.

“தனியா ஸ்கூல் நடத்தறேன்னு நெனச்சிக்குவீங்களோன்னு பயமுங்க மேடம்.”

“சேச்சே” என்றேன்.

அடுத்த மாதம் முதல் ஆறரை வரை. நாகவேணிக்குச் சம்பளம் கூட. எல்லோருக்கும் சந்தோஷம் என்று எழுத முடியாது. மாலை நேரம் தேவையில்லாத ஒரு கன்னடக் குடும்பம், “ஜாஸ்தி ஆயித்து மேடம்” என்று சொல்லிப் பிள்ளையை நிறுத்திவிட்டது. மற்றவர்கள் இருக்கிறார்கள்.

வர வேண்டாமென்று சொல்லச் சூளகிரிப் பெண்ணுக்கு ஃபோன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஜூன் 22, ஞாயிறு

துணி துவைத்தது. மூன்று தடவை ஃபோன். ஸ்விட்ச் ஆஃப்.

ஜூன் 23, திங்கள்

மூட்டம். பிள்ளைகள் வருவதற்கு முன்பே சூளகிரிப் பெண் வந்துவிட்டாள். கேட்டைத் திறந்தது நாகவேணி.

“மேடம், இவங்கள டீச்சர் வேலைக்கு வரச் சொன்னீங்களாமே.”

“ஆமா... சாயந்திரத்துக்கு. உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு.”

“புதங்கெழமயே பேசிட்டீங்கன்னு சொல்றாங்க. சாயந்திரம் தொறக்கற விஷயம் நாம சனிக்கெழமதானுங்களே பேசுனோம்?”

அதற்குள் முதல் ஆட்டோ வந்து நின்றது. பிள்ளைகளை இறக்கப் போய்விட்டாள்.

வந்தவளை மாலை நேரத்துக்கே எடுத்துக்கொண்டேன். வேறு வழி? நாகவேணியிடமிருந்து கேட்டதற்கு மட்டும் பதில்.

மதியம் என் ஃபோன் அடித்தது. கேஸ் சிலிண்டர்க்காரர்தான். பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்த நாகவேணி சட்டென்று நிறுத்தி, நான் யாரிடம் என்ன பேசுகிறேன் என்று காது கொடுத்தாள்.