என் குரலுக்கு வராத நாய்கள்

12.2.1996, திங்கள்

இன்று ஒன்பது நாய்கள். ஏழு தங்க வந்தவை. ஒன்று பேங்க் மேனேஜர் வீட்டுக் குட்டைக்கால் நாய், காலையில் வந்து சாயங்காலம் போய்விடும், அவரைப் போலவே. ஒன்பதாவது எங்கள் மேஜர்.

வாசல் போர்டில் ‘ஆண்டனி நாய்கள் பராமரிப்பு – பயிற்சி நிலையம், கழனிவாசல் ரோடு’ என்று இருக்கிறது. ஆண்டனி, என் வீட்டுக்காரர், மஸ்கட்டில் இருக்கிறார். நாய்கள் இங்கே இருக்கின்றன. நானும் இங்கே. எழுதியவனைக் குறை சொல்ல முடியாது, அவன் எழுதிய அன்று அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பட்டாளத்தில் நாய்ப் பிரிவில் இருந்தவர். வெளியே வந்து இதை ஆரம்பித்தார். அப்போது ஊரில் நாயை வளர்க்கத்தான் ஆள் இருந்தது, பழக்கவும் விட்டுவிட்டுப் போகவும் யாருக்கும் யோசனை இல்லை. தொழில் காலூன்றுவதற்குள் மஸ்கட்டில் காவல் வேலை வந்தது, அங்கேயும் நாயோடுதான். ரெண்டு வருஷம் என்று போனார். ஐந்து முடிந்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு தடவை வந்தார்.

சோறு போட, குளிப்பாட்ட, உண்ணி பிடுங்க எனக்கு வரும். பழக்கத்தான் வரவில்லை. ‘சிட்’ என்கிறேன், கொட்டாவி விடுகிறது. என் குரல் அப்படி. வீட்டு வேலைக்கு வரும் ஆயி சொல்கிறாள்: “நீங்க நாயக் கூப்பிடுறது, பூசைக்கு நேரமாச்சானு சாமியார்ட்ட கேக்குற மாதிரி இருக்குக்கா.”

19.2.1996

நேமத்தான்பட்டி செம்மலை அண்ணன் அவருடைய அல்சேஷனைக் கொண்டுவந்து விட்டார். பெயர் பிரின்ஸ். குடும்பத்தோடு பினாங் போகிறார்கள், மூணு மாசம். “வர்றப்ப உக்காருன்னா உக்காரணும், நில்லுன்னா நிக்கணும். அவ்வளவு பெரிய வீட்டுல நாங்க நாலு பேரு. நாய் சொன்ன சொல் கேட்டாத்தான் பயமில்லாம படுக்கலாம்” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

மஸ்கட்டுக்கு லெட்டர் போட்டேன். உங்கள் குரலை ஒரு கேசட்டில் பிடித்து அனுப்புங்கள், வெறும் கட்டளைகள் மட்டும் போதும் என்று. வெறும் கட்டளைகள் மட்டும் போதும்! எழுதும்போதே சிரிப்பு வந்தது. கூடவே வேறு ஏதோவும் வந்தது.

17.3.1996, ஞாயிறு

தாஹா லீவில் வந்திருக்கிறார். மஸ்கட்டில் என் வீட்டுக்காரரோடு ஒரே ரூம், நம்ம ஊர்தான், பள்ளிவாசல் பக்கம் வீடு. கேசட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணே எங்களையெல்லாம் வெளிய போகச் சொல்லிட்டுத் தனியா உக்காந்து ‘கம், கம்’னு கத்துறாக. பக்கத்து ரூம் மலையாளி வந்து கதவைத் தட்டி, ‘என்னா, விளிச்சோ?’ன்னு, கூப்பிட்டீகளான்னு, கேட்டுட்டான்.”

தாஹா போனதும் போட்டேன். சிட். சிட். சிட். கொஞ்சம் இடைவெளி. ஸ்டே. கம். நோ. ஒவ்வொன்றும் முப்பது தடவை. மேஜர் கொல்லையிலிருந்து ஓடிவந்து டேப் ரெக்கார்டர் வைத்திருக்கும் பலகைக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் ஒரு இருமல். அப்புறம், “அருளு, சாப்பிட்டியா?” அதோடு முடிந்துவிடுகிறது.

சாப்பிடவில்லை. கேசட்டைத் திருப்பித் திருப்பி அந்த இடத்துக்கே கொண்டுவந்துகொண்டிருந்தேன்.

25.3.1996

வேலை செய்கிறது! டேப் ரெக்கார்டரை ஜோல்னாப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்கிறேன். பட்டனை அமுக்கினால் பிரின்ஸ் உட்காருகிறது. அமுக்கினால் வருகிறது. சொன்னபடி கேட்டதும் ஒரு துண்டு ஈரல். இன்று ‘சிட்’ என்று சத்தம் வந்தபோது முறத்தோடு போய்க்கொண்டிருந்த ஆயியும் பாதி உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு பேரும் சிரித்து ஓய்ந்தோம்.

28.3.1996

இன்று கேசட் நாய்களுக்கு மூன்று தடவை. நாலாவது எனக்கு.

9.4.1996, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்தது. வாழ்த்து அட்டையோடு லெட்டர். அக்டோபரில் ஒப்பந்தம் முடிகிறதாம். கம்பெனி இன்னும் ரெண்டு வருஷம் கேட்கிறதாம். செப்டம்பரில் லீவில் வருகிறாராம். “நீ என்ன சொல்றே?” என்று கேட்டிருக்கிறார்.

பதில் போட்டுவிட்டேன். என்ன எழுதினேன் தெரியுமா? ‘உங்கள் இஷ்டம்.’

செருப்பாலயே அடிச்சுக்கணும் என்னை. உங்கள் இஷ்டமாம்! என் இஷ்டம் என்னன்னு ஒருத்தரு வாய்விட்டுக் கேக்குறாரு, அதுக்கு இந்தப் பதிலா? கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பட்டாள லீவையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே கூரையின் கீழ் இருந்தது மூன்றரை வருஷம் தேறும். பிள்ளை இல்லையா, இல்லையா என்று கோயில் வாசலில் என்னைத்தான் கேட்கிறார்கள். ஆள் ஊரில் இல்லை என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

எனக்கு அவர் வேண்டும். இங்கே, இந்த வீட்டில். நோட்டில் எழுத முடிகிறது. லெட்டரில் எழுத வரவில்லை. போகாதே என்று சொல்லி, அதன் பிறகும் ஒருவர் போய்விட்டால் நம் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அதனால்தான் கேட்காமலே இருக்கிறேன் போல.

20.5.1996, திங்கள்

செம்மலை அண்ணன் வந்து பிரின்ஸை அழைத்துப்போனார். பையோடு நின்று நாலு கட்டளையும் செய்துகாட்டினேன். வாசல் பக்கம் நின்றவருக்குக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, சார் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டும்.

23.5.1996

போச்சு. மானம் போச்சு.

காலையில் செம்மலை அண்ணன் காரில் பிரின்ஸோடு வந்து இறங்கினார். “ஏத்தா, மூணு நாளா தொண்டை கிழியக் கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. சாரக் கூப்பிடுங்க, நான் கேக்கணும்” என்றார். சார் மஸ்கட்டில் என்றேன். “அப்ப அன்னைக்குச் சத்தம் குடுத்தது யாரு?”

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வேறு என்ன செய்ய? பட்டனை அமுக்கினேன். ‘சிட்’ என்றது பெட்டி. அவ்வளவு நேரம் திமிறிக்கொண்டிருந்த பிரின்ஸ் சட்டென்று உட்கார்ந்தது.

அவர் திட்டவில்லை. நாயைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “திருடன் வந்தா நான் முதல்ல கேசட்டத் தேடணும் போல. நாயோட பொட்டியையும் சேத்துக் குடுத்து விடுறீகளா?” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு மாசம் கேட்டேன். கொடுத்திருக்கிறார்.

27.5.1996

டேப் ரெக்கார்டரைப் பலகையில் வைத்துத் துணி போட்டு மூடிவிட்டேன். என் தொண்டைதான் இனி. பிரின்ஸ் என் தோளையே பார்க்கிறது, பை எங்கே என்று. கத்தினேன். இன்னும் கத்தினேன். ஆயி காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

கேசட் கேட்டு நாலு நாள் ஆகிறது. எனக்கும் தோள் வெறிச்சென்று இருக்கிறது.

5.6.1996, புதன்

ஒன்று புரிந்தது. இன்று கத்திக் கத்திக் களைத்துப்போய், எரிச்சலில், சத்தமே இல்லாமல், “வா இங்குட்டு” என்றேன். பிரின்ஸ் வந்தது. நேரே வந்து காலடியில் நின்றது.

உரக்கச் சொல்லாதது குறையே இல்லை. இத்தனை நாளும் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்கிற மாதிரியே கூப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது வராமல் போவதற்கு நானே ஒரு வழி விட்டுவைத்திருக்கிறேன். நாய்க்கு அது தெரிந்திருக்கிறது.

இனிமேல் இங்கிலீஷும் வேண்டாம். வா, உக்காரு, நில்லு, வேண்டாம். நாலு சொல் போதும்.

23.6.1996, ஞாயிறு

கடைசி நாலு நாளும் செம்மலை அண்ணனையும் அவர் வீட்டு ஆச்சியையும் இங்கேயே வரவழைத்து அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தேன். ஆச்சிக்கு முதல் நாளே வந்துவிட்டது, அண்ணனுக்குத்தான் நாளாயிற்று. “வீட்டுலயும் இப்படித்தேன்” என்றார் ஆச்சி. பிரின்ஸ் அவர்கள் நடுவில் நடந்துபோய்க் காரில் ஏறியது. பையும் இல்லை, பெட்டியும் இல்லை.

இதை மஸ்கட்டுக்கு எழுத வேண்டும் என்று இருந்தது. எழுதினேன், ரெண்டு பக்கம். கடைசியில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை.

14.9.1996, சனி

வந்துவிட்டார்.

மதுரை பஸ்ஸில் இறங்கி ஆட்டோவில் வந்தார். நாளை வருவார் என்று நினைத்திருந்தேன், கையெல்லாம் சோப்பு. கேட்டருகே நின்று, அவருக்கே உரிய அந்தக் குரலில், “கம், மேஜர்!” என்றார்.

மேஜர் எழுந்தது. காது நிமிர்ந்தது. திரும்பி வீட்டுக்குள் ஓடியது. ஓடிப்போய், மூணு மாசமாகத் துணி மூடிக் கிடக்கும் அந்தப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது.

அவர் பெட்டி படுக்கையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். நரைத்திருக்கிறது, இளைத்திருக்கிறார், அதெல்லாம் பிறகு. முதலில் அந்த முகம்.

அப்புறம் மேஜர் மோப்பம் பிடித்துத் திரும்பி வந்தது. மேலே விழுந்து புரண்டு அழுதது. அவரும்தான். “அது என்னைய மறக்கல அருளு. என் சத்தம் எங்க இருக்கும்னு அதுக்கு ஒரு இடம் தெரியும், அங்க போயிருச்சு. அவ்வளவுதான்” என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.



20.9.1996

திரும்பிப் போக டிக்கெட் போட்டேதான் வந்திருக்கிறார். அக்டோபர் 24, திருவனந்தபுரத்திலிருந்து. 23ஆம் தேதி நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். புது ஒப்பந்தத்தில் அங்கே போய்த்தான் கையெழுத்தாம்.

காலையில் தங்க வந்திருக்கும் ஐந்து நாய்களை அவரிடம் விட்டேன். “கம்” என்றார், ஒன்றும் வரவில்லை. நான் “வா” என்றேன், ஐந்தும் வந்தன. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பெருமையாகத்தான் சிரித்தார். இருந்தாலும் மத்தியானம் நான் சொல்லும் சொற்களைத் தனியாக நின்று சொல்லிப்பார்த்துக்கொண்டிருந்தார், வா, நில்லு என்று. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

4.10.1996

சந்தோஷமாக இருக்கிறேன். நாள் எண்ணாமல் சந்தோஷமாக இருக்கத் தெரியவில்லை. பத்தொன்பது நாள்.

11.10.1996, வெள்ளி

செக்காலை தேனம்மை ஆச்சி வெள்ளைப் பொமரேனியனை விட்டுவிட்டு மெட்ராஸ் போனார், மகள் வளைகாப்புக்கு. இவர் நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “இங்கயும் ஒரு வளைகாப்பு வைக்கலாம்” என்றார். அத்தனை முடிக்குள் ஆச்சிக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ரெண்டு வாரம் தாங்குமாம். அதற்குள் இவர் போய்விடுவார், நான்தான் பார்க்க வேண்டும்.

18.10.1996

மஸ்கட்டுக்கு அட்டைப் பெட்டி கட்டியாயிற்று. கைமுறுக்கு, சீடை, இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், மாங்காய் ஊறுகாய். மேலே பெயிண்டில் பெரிய எழுத்தில் அவர் பெயர், கம்பெனி பெயர், மஸ்கட். நைலான் கயிறு போட்டு இறுக்கினார். நான் முடிச்சின் மேல் விரல் வைத்துக் கொடுத்தேன். கெட்டிக்காரி! புருஷனை அனுப்பி வைக்க முடிச்சுக்கு விரல் கொடுக்கிறேன்.

20.10.1996, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பூசை முடிந்து வந்து, மேஜரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். அவர் தேய்க்க, நான் தண்ணீர் ஊற்ற. எந்த யோசனையும் பண்ணவில்லை. செம்பைக் கீழே வைத்தேன். “போகாதீக” என்றேன்.

அவர் கை நின்றது.

“எனக்கு நீங்க இங்க வேணும். உங்க இஷ்டம்னு அப்ப எழுதுனது பொய். போகாதீக.”

அவ்வளவுதான் சொன்னேன். அழவில்லை, கத்தவில்லை. அவர் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். “தண்ணி ஊத்து, சோப்பு கண்ணுல எறங்குது” என்றார். ஊற்றினேன்.

21.10.1996

ஒன்றும் சொல்லவில்லை.

22.10.1996

இன்றும் இல்லை. பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். வாயை விட்டுக் கேட்டாயிற்று. போனாலும் கேட்கவில்லை என்று ஆகாது. இதை நூறு தடவை எழுதினாலும் நெஞ்சு கேட்க மாட்டேன் என்கிறது. போயிருவாரா? போயிருவாரு. எத்தன பாத்தாச்சு.

23.10.1996, புதன்

விடிந்ததும் தேனம்மை ஆச்சி நாய்க்கு வலி எடுத்துவிட்டது. தரையைப் பிறாண்டுகிறது, சுற்றிச் சுற்றி வருகிறது. மழை ஈரம், கொட்டடியில் படுக்க வைக்க முடியாது. காய்ந்த கூடை ஒன்றும் அகப்படவில்லை. ஆயி வைக்கோல் எடுக்க ஓடினாள், நான் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் அந்த அட்டைப் பெட்டி இருந்தது. கயிற்றை அறுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் கூடத்தில் கொட்டிவிட்டு வந்திருக்கிறார். ஒரு பக்கத்தைக் கத்தியால் தாழ வெட்டி, சேலையை வாங்கி விரித்து, நாயைத் தூக்கி உள்ளே வைத்தார். பெயர் எழுதிய பக்கம் என்னைப் பார்த்து இருந்தது.

பதினோரு மணிக்குள் நாலு குட்டி. கடைசிக் குட்டி மூச்சு விடவில்லை. அவர் துண்டில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அதை அழவைத்தார். 

உள்ளே போய்ப் பார்த்தேன். முறுக்கு, சீடை, பொடிப் பொட்டலம் எல்லாம் பாயில் பரந்து கிடந்தன. அங்கிருந்தே கேட்டேன், “இந்த ஊறுகாயெல்லாம் எதுல வச்சுக் கட்ட?”

“எதுக்குக் கட்டணும்? இங்க வச்சே திம்போம்” என்றார், குட்டிகளை விட்டுத் தலையைத் தூக்காமல்.

மத்தியானச் சோற்றுக்கு எலுமிச்சை ஊறுகாயைத் திறந்தோம்.